கேட் வரைக்கும் என் கால்

ஜெபப் புத்தகத்தின் மூன்றாவது பக்கத்தைத் திருப்பும்போது அண்ணன் போர்வைக்கு வெளியே ஒரு விரலை உயர்த்தினார். சிஸ்டர் வாசிப்பதை நிறுத்தி, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இல்லை என்று தலையசைத்தார்.

"கொஞ்சம் நிறுத்திக்கிறியா பாப்பா? ஆண்டவர்கிட்ட பேசிட்டிருந்தேன். நடுவுல நீ புகுந்துட்ட."

சிஸ்டர் புத்தகத்தை மூடினாள். ஐம்பத்தாறு வயதில் அவளைப் பாப்பா என்று கூப்பிட இந்தக் கட்டிலில் கிடந்தவரைத் தவிர வேறு யாரும் இல்லை. கன்னியர் மடத்தில் பதினொரு சகோதரிகளின் கடைசி நேரத்தில் இதே ஜெபங்களை அவள்தான் வாசித்திருக்கிறாள். எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும், எங்கே மூச்சு விட்டுத் தொடர வேண்டும் என்பதெல்லாம் அத்துப்படி. நடுவில் புகுந்துவிட்டாய் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

அண்ணன் முப்பத்து நான்கு வருஷம் வீடு வீடாகப் போய்த் தண்ணீர் மீட்டரைக் குனிந்து பார்த்துக் குறித்துக்கொண்டு வந்தவர். தெருவில் எல்லோருக்கும் அவர் மீட்டர்க்காரர். ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசைக்குப் போவார். கதவோரம் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். சின்ன வயதில் வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது இரண்டாவது பத்துக்கு மேல் அவர் விழித்திருந்ததாகச் சரித்திரமே கிடையாது. துறவறத்துக்குப் போன தங்கைக்கு அது பெரிய கவலை. அண்ணனுக்குப் பக்தி வரவேண்டும் என்று எத்தனையோ தடவை ஒன்பது நாள் நவநாள் ஜெபம் இருந்திருக்கிறாள். போனில் கண்டித்தால், "சரி பாப்பா, எனக்கும் சேர்த்து நீயே சொல்லிடு" என்று சிரித்துவிட்டு வைத்துவிடுவார்.

கல்லீரலில் வந்தது எலும்புவரை போய்விட்டது, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று டாக்டர் சொல்லிப் பத்து நாள் ஆகிறது. முந்தின நாள் முதல் பஸ்ஸில் சிஸ்டர் வந்து இறங்கினாள். ஜெபப் புத்தகம், இரண்டு மெழுகுவர்த்தி, சிலுவையில் இயேசு தொங்கும் ஒரு பாடுபட்ட சுரூபம், மாற்று உடை ஒன்று. அண்ணன் நல்ல மரணம் அடைய வேண்டும். அதற்குச் செய்ய வேண்டியதையெல்லாம் குறைவில்லாமல் செய்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் வழியெல்லாம்.

பங்குச் சாமியார் பதினொரு மணிக்கு வந்தார். வயதில் இளையவர். அதற்குள் சின்ன மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து, சுரூபத்தை நடுவில் நிறுத்தி, பஞ்சு, கிண்ணத்தில் தண்ணீர், மடித்த துண்டு எல்லாவற்றையும் சிஸ்டர் எடுத்து வைத்திருந்தாள். நீங்கள் இருக்கிற வீட்டில் எனக்கு வேலையே இல்லை என்றார் சாமியார். நெற்றியிலும் கைகளிலும் எண்ணெய் பூசினார். பிறகு நற்கருணை அப்பத்தை எடுத்து அண்ணனின் முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

ஆமென் சொல்வதற்கு முன்னால் அண்ணன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். படியேறி வருகிற ஒருவரைப் பார்ப்பதுபோல முகம் மலர்ந்தது. "வாங்க" என்றார், மெல்ல.

சாமியாரின் கை ஒரு நொடி அப்படியே நின்றது. சிஸ்டர் தலையைக் குனிந்துகொண்டாள். முப்பத்து மூன்று வருஷமாக ஒருநாள் தவறாமல் நற்கருணை வாங்குகிறவள் அவள். அன்று காலை கோவிலில் வரிசையில் நின்றபோதும் மடத்துத் தண்ணீர் மோட்டாரை யாராவது ரிப்பேருக்குக் கொடுத்திருப்பார்களா என்று யோசித்துக்கொண்டேதான் நாக்கை நீட்டினாள். மடத்தில் அவளுடைய அறைக்கும் சிற்றாலயத்து நற்கருணைப் பேழைக்கும் பன்னிரண்டு அடிதான் தூரம். ஒரே வீட்டில் இருந்தும் சாப்பாடு ஆயிற்றா என்பதற்குமேல் பேச்சு நின்றுபோன தம்பதிகளை அவள் பார்த்திருக்கிறாள். அந்த நினைவு ஏன் இப்போது வந்தது என்று தெரியவில்லை.

சாமியார் போனபின் அண்ணன் கேட்டார்:

"உன்கிட்ட இப்பல்லாம் என்ன சொல்றாரு பாப்பா?"

இருவருக்கும் பொதுவான சிநேகிதர் ஒருவரைப் பற்றி விசாரிப்பதுபோல்தான் கேட்டார். குழந்தைகளின் புதுநன்மை வகுப்பில் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொடுக்கும் பதில்கள் ஏழெட்டு அவளிடம் தயாராக இருந்தன. தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று சமையலறைக்குப் போனவள், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள்.

மூன்றரை மணிக்கு அழைப்புமணி அடித்தது. அண்ணி கதவைத் திறந்தாள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவன் செருப்பை வெளியே கழற்றிவிட்டு, பழக்கப்பட்ட வீட்டுக்குள் வருவதுபோல வந்தான். கட்டிலின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, அண்ணனின் வீங்கிய பாதங்களை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு பிடித்துவிட ஆரம்பித்தான். அவன் தலையைத் திருப்பியபோது சிஸ்டர் இடது காதைப் பார்த்தாள். மேல்நுனி இல்லாத காது.

ஆறு வருஷத்துக்கு முன்னால் நீதிமன்றத்தில் ஒரு நாள் முழுக்க மூன்று பெஞ்சு தள்ளி உட்கார்ந்து அந்தக் காதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணனுடைய ஒரே மகனை, விடுமுறைக்கு வரும்போதெல்லாம் அவள் தூக்கிக் கொஞ்சிய வாலுவை, பத்தொன்பது வயதில் சைக்கிளோடு அடித்துப்போட்ட சிமெண்ட் லாரியின் டிரைவர். தூக்கக் கலக்கம் என்றான். ஐந்து வருஷம் சிறை என்று தீர்ப்பானது.

சிஸ்டர் அண்ணியைச் சமையலறைக்குள் இழுக்காத குறையாகக் கூட்டிப் போனாள். இவன் இங்கே எப்படி என்று கேட்டாள். அண்ணி நிதானமாகவே சொன்னாள். அவர் சிறைக்குப் போய்ப் பார்ப்பார். இரண்டு பஸ் மாறி, மாதத்தில் இரண்டு சனிக்கிழமை. முதலில் அவளிடம்கூடச் சொல்லவில்லை. தெரிந்ததும் அவள் மூன்று வாரம் புருஷனோடு பேசவில்லை. போன வருஷம் விடுதலையாகி வந்தவனுக்கு, தெரிந்த கிடங்கு ஒன்றில் மூட்டை இறக்கும் வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான். அவன் திரும்ப வண்டி ஓட்டுவதில்லை.

"உங்களுக்கு மனசு ஆறிடுச்சா அண்ணி?"

"ஆறல. கதவைத் திறந்து விடுவேன். அவ்வளவுதான் என்னால ஆகும்."

சிஸ்டர் அறைக்குத் திரும்பி வந்தாள். அவர் ஓய்வெடுக்க வேண்டும், நீங்கள் கிளம்பலாம் என்று டிரைவரிடம் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக அவள் பேசுகிற குரல் அது. டிரைவர் உடனே பாதங்களை மெதுவாக மெத்தைமேல் வைத்துவிட்டு எழுந்தான். போகவேண்டாம், வெளியே இரு தம்பி என்று அண்ணன் சொன்னார். அவன் மாடிப்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அவள் நாற்காலியைக் கட்டிலருகே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"எப்படிண்ணா உன்னால மன்னிக்க முடிஞ்சுது?"

"முடிஞ்சுதுன்னு யாரு சொன்னா?" அண்ணன் மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார். "மொத தடவை ஜெயில் கேட் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துட்டேன். ரெண்டாவது தடவையும் அப்படித்தான். மூணாவது தடவை அங்கயே நின்னு அவர்கிட்ட சொன்னேன். கேட் வரைக்கும்தான் என் கால். இதுக்கு மேல வராது. நீங்க உள்ள போறதா இருந்தா என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னேன்."

"அப்புறம்?"

"அவரு போனாரு. நான் பின்னாலயே போயிட்டேன்."

கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டார் என்று நினைத்தாள். ஆனால் உதடு மறுபடி அசைந்தது.

"ஒவ்வொரு தடவையும் அதேதான் பாப்பா. நேத்து கேட்டது இன்னிக்கு உதவாது. இப்ப பெல் அடிச்சப்பகூடக் கேட்டேன்."

சிஸ்டருக்குக் கணக்கு தானாக ஓடியது. கர்த்தர் கற்பித்த ஜெபத்தை நாளுக்குப் பத்துத் தடவைக்குக் குறையாமல் சொல்கிறவள். வாலு போன இந்த ஏழு வருஷத்தில் இருபத்தையாயிரம் தடவைக்கு மேல் வரும். தீமை செய்தவர்களைப் பொறுத்துக்கொள்வதைப் பற்றிய அந்த வரியை அத்தனை தடவையும் அவள் நாக்கு எங்கும் தட்டாமல் தாண்டிப் போயிருந்தது. ஒரு தடவைகூட, என்னால் முடியவில்லை என்று அவள் நின்றதில்லை. இந்த வீட்டுக்குள் ஒரு மனிதர் அந்த ஒரே வரியோடு ஏழு வருஷம் மல்லுக்கட்டிக்கொண்டிருந்திருக்கிறார். அவருக்குப் பக்தி வரவேண்டும் என்று அவள் நவநாள் இருந்திருக்கிறாள்.

ஐந்து மணிக்குமேல் மூச்சு மாறியது. அண்ணி தலைமாட்டில் உட்கார்ந்து அவர் நெற்றியைத் தடவிக்கொண்டே இருந்தாள். டிரைவர் வாசற்படிக்கு உள்ளே வந்து சுவரோரம் நின்றான். இந்தத் தடவை அவனை யாரும் வெளியே போகச் சொல்லவில்லை. சிஸ்டரின் கை பழக்கத்தில் புத்தகத்தை எடுக்கப் போனது. பிறகு எடுக்காமல் அண்ணனின் கையைப் பிடித்துக்கொண்டது. தானாகவே ஏதாவது சொல்லிப் பார்க்கலாம் என்று கண்ணை மூடினாள். இத்தனை வருஷத்தில் சேர்ந்த அழகான வாக்கியங்களில் ஒன்றும் கிட்டே வரவில்லை. 'எனக்கு உங்ககிட்ட பேசத் தெரியல' என்பது மட்டும் வந்தது. அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். கண்ணைத் திறந்தபோது அண்ணன் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணியின் கை நெற்றியிலேயே நின்றுவிட்டிருந்தது.

அக்கம்பக்கத்தார் வந்தார்கள். மீட்டர் பார்க்க வந்தால் கதவைச் சாத்தாமல் பேசிவிட்டுப் போகிற மனுஷன் என்று ஒரு கிழவர் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண்கள் இருவர் உடம்பைத் துடைத்து வெள்ளைச் சட்டை மாட்டினார்கள். பத்து நாள் தாடியைப் பார்த்ததும் அண்ணிக்கு முதல்முறையாக அழுகை வந்தது. இந்த முகத்தோடு அவர் கோவிலுக்குப் போனதே இல்லை என்றாள். தெருமுனை சலூன்காரர் ஊரில் இல்லை. சட்டை மாட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"உள்ள இருந்தப்ப நான் சவர வேலைதான் பார்த்தேன்" என்றான் டிரைவர், சுவரோரத்திலிருந்து. "சரின்னா நான் செய்றேன்."

அண்ணி நாத்தனாரைப் பார்த்தாள். கூடியிருந்தவர்களில் அவன் யாரென்று தெரிந்தவர்கள் அவன் பக்கம் திரும்பினார்கள்.

சிஸ்டர் எழுந்து சமையலறைக்குப் போனாள். அடுப்பைப் பற்றவைத்துத் தண்ணீர் சுடவைத்தாள். நேரமாகும்போல இருந்தது. வெளியே யாரோ நாற்காலிகளை நகர்த்தும் சத்தம் கேட்டது. கொதி வருவதற்கு முன்னால் இறக்கி, அகலமான பாத்திரத்தில் ஊற்றி, விரலை விட்டுப் பார்த்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து கட்டிலின் அந்தப் பக்கம் நின்றாள்.

டிரைவர் நுரையைத் தடவி முடித்திருந்தான். ரேஸர் பிடித்த கை முகத்துக்கு ஒரு சாண் தள்ளியே நின்றது. அருகில் பார்த்தபோது அவனுடைய விரல்கள் எல்லா விரல்களையும் போலத்தான் இருந்தன. நகங்களில் கிடங்கின் அழுக்கு.

"தண்ணி ஆறிடும். ஆரம்பிங்க" என்றாள் சிஸ்டர்.

அவன் ஆரம்பித்தான். காதோரத்திலிருந்து தாடைக்கு ஒரு இழுப்பு, பிறகு பாத்திரத்தில் ஓர் அலசல். ஒவ்வொரு தடவையும் அவன் எட்டிக் குனிய வேண்டியிருந்தது. அவள் பாத்திரத்தை அவன் பக்கமாக நகர்த்தி, கொஞ்சம் உயர்த்திப் பிடித்தாள். வெள்ளை முடிகள் நுரையோடு மிதந்தன. அங்கியின் கை நனைந்து, தண்ணீர் முழங்கைவரை இறங்கிக்கொண்டிருந்தது.