சட்டை அளவுக்கு வந்தவர்

அந்த மழைக்காலம் தொடங்கியபோது ஐந்தடி எட்டங்குலம் இருந்த பஸ் நிலைய டிக்கெட் கவுண்டர்காரர், மழை விடுவதற்குள் மனைவியின் முழங்கால் உயரத்துக்கு வந்து சேர்ந்தார். காரணம் துணி காயவைக்கும் டிரையர். மனைவியின் அண்ணன் தன் வீட்டுக்குப் புதியது வாங்கியதும், பழையதை வேனில் ஏற்றிவந்து, "என் தங்கச்சிக்கு இல்லாததா!" என்று குளியலறைக்கு வெளியே இறக்கிவிட்டுப் போனார். வேண்டாததைத் தள்ளிவிடுகிறவர்களுக்கு வாயில் சர்க்கரைக்குப் பஞ்சமே கிடையாது. சில தடவை போட்டெடுத்ததிலேயே சட்டைகள் சுருங்கின. வேறு யாராக இருந்தாலும் மச்சானைக் கூப்பிட்டு நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டிருப்பார்கள். இவர் கையைத் தூக்கிப் பார்த்தார், மூச்சை உள்ளே இழுத்துப் பட்டனைப் போட்டார், "பரவாயில்லை, அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றார். சாயங்காலம் வீடு திரும்பியபோது சட்டை கச்சிதமாக இருந்தது. பேன்ட்தான் தரையில் புரண்டது. அதையும் டிரையரில் போட்டார்கள், அதுவும் சரியாகிவிட்டது.

தெருவில் அவருக்குப் பெயரே 'பரவாயில்லை சார்'தான். ஆறின காபி பரவாயில்லை, பஸ்ஸில் பாதி இருக்கை பரவாயில்லை, தனக்கு வரவேண்டிய பதவி உயர்வு பக்கத்துக் கவுண்டர்காரருக்குப் போனதும் பரவாயில்லை. இந்த மனிதருக்குக் கோபம் வரும் இடத்தில் கடவுள் பஞ்சை வைத்து அடைத்துவிட்டார் என்று நாங்கள் பேசிக்கொள்வோம். மனைவி நேர் எதிர். பார்சல் அலுவலகத்தில் எடை பார்க்கிறவள். இம்மி பிசகினாலும் மூட்டையைத் திருப்பி அனுப்பிவிடுவாள். அவளுடைய ரவிக்கையும்தான் அந்த டிரையரில் சுருங்கியது. "எனக்கெதுக்கு இது?" என்று தரை துடைக்கப் போட்டாள். அவள் சுருங்கவில்லை. புருஷன் தன் தோளுக்குக் கீழே போனபோதுதான் அவள் விழித்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்தில் அவரை அலுவலகத்துக்கு அழைத்துப்போய் பார்சல் தராசில் ஏற்றி நிறுத்தினாள். முள் காட்டிய இடத்தைப் பார்த்துவிட்டு, மூட்டைகளுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதாள்.

மெக்கானிக் வந்தார். வடிகட்டியை உருவினார், அதில் தலையணை ஒன்றுக்குப் போதுமான பஞ்சு சேர்ந்திருந்தது. பின்பக்கக் காற்றுக்குழாயைக் கழற்றினார். அண்ணன் வீட்டுக் காலுறை ஒன்று சூடு வெளியேற வழியில்லாமல் அடைத்துக்கொண்டிருந்தது. "சூடு போக வழியில்லைன்னா துணி வெந்துதான் போகும்மா. இனிமே ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரமும் சட்டை சுருங்கியது, உள்ளிருந்தவரும் சுருங்கினார். மெக்கானிக் திரும்ப வந்து, சூட்டைக் கட்டுக்குள் வைக்கும் தெர்மோஸ்டாட்டை மாற்றினார். அப்படியும் சந்தேகம் தீராமல், போட்டிருந்த சட்டையைக் கழற்றி உள்ளே போட்டு ஓடவிட்டார். அது துளிக்கூடச் சுருங்காமல் வந்தது. கவுண்டர்காரரின் சட்டையைப் போட்டால் மட்டும் ஒரு சுற்று குறைந்து வந்தது.

"மெஷின்ல கோளாறு இல்லம்மா" என்றார், சட்டையை மாட்டிக்கொண்டே. "இவரு எவ்வளவு வேணா தாங்குவாருன்னு அதுக்குத் தெரிஞ்சுபோச்சு."

டிரையரின் பிளக்கைப் பிடுங்கிப் போட்டாள். அறைக்குள் கயிறு கட்டித் துணியைக் காயப்போட்டாள். மழையில் எதுவும் காயவில்லை, வீடு முழுக்க ஈர நாற்றம். நாற்றத்தோடு நாற்றமாக அவர் குறைந்துகொண்டுதான் இருந்தார், சட்டையும் கூடவே குறைந்தது. பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் அந்த மிச்ச இடத்துக்குள் அடங்கினார். வேலையில் நாற்காலி எட்டாமல் போனதும் மேஜைமேலேயே உட்கார்ந்து, கண்ணாடித் துவாரத்தின் வழியாக டிக்கெட்டை இரண்டு கையாலும் தள்ளினார். பயணிகள் குனிந்து பழகிக்கொண்டார்கள். மேலதிகாரி வந்து பார்த்து, வரிசை நகர்கிறதா என்று கேட்டார், நகர்ந்தது, போய்விட்டார். மனைவி பெரிய பெரிய சட்டையாக வாங்கி வந்தாள். "இது கிழியட்டும், அப்புறம் போட்டுக்கலாம்" என்று அவர் அட்டை பிரிக்காமல் பீரோவில் வைக்கச் சொன்னார். கும்பிட்டுப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், பட்டினி கிடந்து பார்த்தாள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். ஒரு நாள் இந்த மனுஷன் பட்டன் அளவுக்கு ஆகிக் கட்டிலுக்கடியில் உருண்டு போய்விடுவார், பெருக்கும்போது அவரைக் கூட்டித் தள்ளிவிடுவோம் என்ற பயத்தில் அவள் துடைப்பத்தைத் தொடுவதையே நிறுத்தினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில், நாற்றம் தாங்க முடியாமல், போர்வைகளையாவது காயவைப்போம் என்று டிரையரின் பிளக்கை மாட்டினாள். போர்வைகளைச் சுருட்டித் திணித்தாள், கதவைச் சாத்தினாள், பொத்தானை அழுத்தினாள். ஓடவில்லை. கதவு சரியாகப் பொருந்தாவிட்டால் டிரையர் ஓடாது. காலால் ஓர் உதை விட்டுத் திரும்ப அழுத்தினாள். அப்போதும் ஓடவில்லை. எரிச்சலோடு கதவைத் திறந்தால், தாழ்ப்பாளில் போர்வையின் நுனி சிக்கியிருந்தது. இழுத்தபோது மடிப்புக்குள்ளிருந்து தும்மல் சத்தம் வந்தது. மத்தியானத் தூக்கத்துக்குப் போர்வைக்குள் படுத்திருந்தவர் தலையை நீட்டி, "பரவாயில்லை, உள்ளே கதகதப்பா நல்லாத்தான் இருந்துச்சு" என்றார்.

அவள் தரையில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுகையெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. பிறகு எழுந்து, அவரைத் தூக்கி டிரையர்மேல் உட்காரவைத்துவிட்டு, தன்னுடைய ரவிக்கைகளை உள்ளே போட்டு, உச்சச் சூட்டில் ஓடவிட்டாள். "நீங்க மேலே வர மாட்டீங்க. சரி, நானே கீழே வர்றேன்" என்றாள். ஓடி முடித்ததும் ஒரு ரவிக்கையை எடுத்தாள். இவளும் தாங்கத் துணிந்துவிட்டாள் என்று மெஷினுக்குத் தெரிந்ததுபோல, குழந்தைச் சட்டை அளவுக்கு ஆகியிருந்தது. அதில் கையை விட்டாள். முழங்கையில் மாட்டிக்கொண்டது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். அட்ஜஸ்ட் செய்யத் தெரியாத உடம்பு, எங்கே சுருங்கும்? தோள் சிவந்தது, கழுத்தைப் பிடித்து இறுக்கியது, மூச்சு விட முடியாமல் கண் பிதுங்கியது. "பரவாயில்லை," என்று அவள் திணறினாள், "பரவாயில்லைங்க, பழகிடும்."

அந்த வார்த்தையை அவர் அதுவரை சொல்லியிருந்தாரே தவிர, பிறர் வாயால் கேட்டதில்லை. டிரையர்மேல் எழுந்து நின்றார். உள்ளங்கை அளவு முகம் கன்றிச் சிவந்தது.

"கழட்டுடி அதை!" என்று கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அவளை டி போட்டதில்லை. "மூச்சு முட்டுதுல்ல? சின்னதா இருக்குன்னு வாயைத் திறந்து சொல்ல என்ன கேடு உனக்கு?"

அவர் சட்டையின் மேல் பட்டன் தெறித்துச் சுவரில் பட்டது. அடுத்ததும் தெறித்தது. தோள்பட்டையில் தையல் விட்டுப்போனது. அவர் தன்னையே குனிந்து பார்த்துக்கொண்டார். "எனக்கும்தான் சின்னதா இருக்கு" என்றார். "ரொம்ப நாளா இருக்கு." அவள் தையலைப் பிரித்துக் கையை விடுவித்துக்கொண்டு அவரைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டிருக்கும்போதே அவர் கால் டிரையர்மேலிருந்து இறங்கித் தரையைத் தொட்டது.

போனது முழுக்கத் திரும்பவில்லை. இப்போது அவள் காது வரைக்கும் இருக்கிறார். சுருங்கின பழைய சட்டைகளுக்கும் பீரோவிலிருக்கும் பெரிய சட்டைகளுக்கும் நடுவில் ஓர் அளவு. பஸ்ஸில் "கொஞ்சம் தள்ளி உட்காருங்க" என்கிறார். டிரையர் அதே இடத்தில்தான் ஓடுகிறது. மச்சான் வீட்டுக்கு வந்தால் காலுறையை எடுத்துக் காட்டுகிறார். மறந்துபோய்ப் பழைய வார்த்தையைச் சொன்ன நாட்களில் அரை விரல் குறைகிறார், மறுநாள் ஈடுகட்டிக்கொள்கிறார். அதற்காகக் காலையில் அவள் ஒரு சுருங்கின சட்டையை நீட்டி எப்படி இருக்கிறது என்று கேட்பதும், அவர் "சின்னதா இருக்குடி, வேற எடு!" என்று அடிவயிற்றிலிருந்து கத்துவதும் தெருமுனை வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்தைப் பற்றி இங்கே யாரும் குறை சொன்னதில்லை.