ஜெராக்ஸ் எடுக்காமல் எதையும் அனுப்பாதவன்

“அப்புறம் பசை போட்டு ஒட்டிட்டேனே! பார்த்தா தெரியவே தெரியாது.”

“தெரிஞ்சிருக்குங்க. முத்திரை பிரிச்ச கவரை ஏத்துக்க மாட்டாங்களாம்.”

விண்ணப்பம் திரும்பி வந்த கடிதத்தைக் கணவன் அவளிடமிருந்து வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தான். மின்கட்டண ரசீதிலிருந்து கல்யாணப் பத்திரிகை வரை அவனிடம் எல்லாவற்றுக்கும் மூன்று நகல் உண்டு. ஊரிலிருந்து பல்கலைக்கழகம் மூடி முத்திரையிட்டு அனுப்பிய அவளுடைய மதிப்பெண் பட்டியலுக்கும் இப்போது மூன்று நகல் இருந்தது. விண்ணப்பத்தோடு அந்தக் கவரைப் பிரிக்காமல் வைக்க வேண்டும் என்று படிவத்தில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தப் பக்கத்தையும் அவன் நகல் எடுத்து வைத்திருந்தான், படிக்காமல்.

“விடு. அடுத்த வருஷம் பரீட்சை எழுதிக்கலாம்.”

“அடுத்த வருஷம் நான் டாக்டரே இல்லைங்க. கடைசியா டாக்டரா வேலை பார்த்து அஞ்சு வருஷத்துக்குள்ள விண்ணப்பிக்கணும். இன்னும் பத்து வாரம்தான் இருக்கு. போன தடவை கவர் வரவே ஏழு மாசம் ஆச்சு.”

ஊரில் அவள் ஒன்பது ஆண்டுகள் பல் மருத்துவர். இங்கே, வெளிநாட்டில், ஒரு பல் மருத்துவமனையின் பின்னறையில் கருவிகளைக் கழுவி, ஆவியில் வைத்து, உறையிலிட்டுத் தேதி எழுதுகிறாள். கதவிடுக்கு வழியே பல்லைத் துளைக்கும் கருவியின் ஓசை வரும். ஓசை மாறும்போதே அதன் முனை பல்லின் எந்த அடுக்கை எட்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அப்போது அவள் கட்டைவிரல் தானாக ஒருமுறை மடங்கி நிமிரும்.

“என்னை நல்லாத் திட்டிடேன்,” என்றான் கணவன்.

திட்ட வரவில்லை. கவரின் ஓரத்தில் பசை வழியாமல் இருக்க நாக்கைக் கடித்தபடி அவன் ஒட்டியிருப்பான் என்று தோன்றியது. கோபமாவது வந்திருந்தால் துணைக்கு இருந்திருக்கும்.

அவள் ஊரிலிருக்கும் அண்ணனை ஃபோனில் அழைத்தாள். பின்னால் பேருந்துகளின் இரைச்சல்.

“சொல்லும்மா! கவரைக் குடுத்தாச்சா? அதுக்குப் பதினோரு தடவை யுனிவர்சிட்டிக்கு நடந்திருக்கேன். அந்த ஆபீஸ் வாட்ச்மேன் என்னை மாப்பிள்ளைன்னே கூப்பிட ஆரம்பிச்சிட்டாரு. கடைசி நாள் டீ வாங்கிக் குடுத்து, ‘இனிமே இந்தப் பக்கம் வந்துடாதீங்க மாப்பிள்ளை’ன்னு கையெடுத்துக் கும்பிட்டாருன்னா பாரேன்.”

அண்ணன் சிரித்தான். அவளுக்கும் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

“எனக்கும் இந்த வருஷ லீவெல்லாம் காலி. மேனேஜர் முகம் குடுத்தே பேசுறதில்லை. போகட்டும், என் தங்கச்சி மறுபடியும் டாக்டர். அது போதும் எனக்கு.”

கணவன் தலையைக் குனிந்துகொண்டு சமையலறைப் பக்கம் போனான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. கழுவுவதற்கு அங்கே ஒரு பாத்திரமும் இல்லை.

“அண்ணா,” என்றாள். “இன்னும் ஒரே ஒரு தடவை அந்த ஆபீஸுக்குப் போயிட்டு வர்றியா?”