இடது முட்டியில் ஒரு பனிமலை

பத்தாயிரம் பேர் கொண்ட படை பாலைவனத்தைக் கடந்த அன்று, உண்மையில் கடந்தது அவர் ஒருவர்தான். மூன்றாம் மாடியில், ஜன்னல் இல்லாத அறையில், மணல் பரப்பிய தகரத் தட்டின் மேல் காலை ஒன்பதரைக்கு நடக்க ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் அக்கரை சேர்ந்துவிட்டார். வீரர்களில் ஏழு பேர் வழியில் சுருண்டு விழுந்து செத்தார்கள். ஏழு பேருக்காகவும் அவரே விழுந்தார்.

ஸ்டூடியோவில் அவரைச் சத்தக்காரர் என்பார்கள். ஊர் உலகத்தையெல்லாம் சுற்றிக் காட்டும் ஒரு தொலைக்காட்சித் தொடருக்குப் பதினெட்டு வருஷமாகச் சத்தம் செய்து கொடுக்கிறார். கேமராக்காரர்கள் உயிருக்குப் பயந்து அரை மைல் தள்ளி நின்று கரடியைப் படம் பிடித்து வருவார்கள். படத்தில் கரடி இருக்கும், காலடிச் சத்தம் இருக்காது. நனைத்த செய்தித்தாள் மேல் முழங்கையை ஊன்றி இவர் கரடியை நடக்க வைப்பார். நாரை பறக்க ஒரு ஜோடி தோல் கையுறை. ஓவியர் கண்ணை மூடி முன்னூறு வருஷமாகியிருக்கும், ஆனாலும் அவர் தூரிகை உரசுகிற சத்தம் வேண்டுமென்பார்கள். அதற்குச் சவரப் பிரஷ். அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் நரம்பில்லாமல் கிடந்த யாழை சைக்கிள் சக்கரத்துக் கம்பியில் வாசித்தார். அதைக் கேட்டு இசைப் பேராசிரியர் ஒருவர் தேம்பித் தேம்பி அழுததாகக் கேள்வி.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து நாற்காலியில் மூட்டையைப் போடுவதுபோல் தன்னைப் போடுவார். மனைவி டீயை நீட்டியபடி கேட்பாள்.

"இன்னிக்கு எங்க போயிட்டு வந்தீங்க?"

"பாலைவனம்."

"போன வாரமும் அங்கதானே போனீங்க?"

"டைரக்டருக்குப் பிடிக்கல. மறுபடி கடந்தேன்."

அவள் எங்கேயும் போனதில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் வாங்கிய பயணப்பெட்டி, பிளாஸ்டிக் உறை கிழியாமல் அலமாரி மேல் உட்கார்ந்திருந்தது. இவருக்கோ அதைக் கீழே இறக்கவே தெம்பில்லை. கண்டம் கண்டமாக நடந்தவருக்கு பஸ் ஸ்டாப் போய்ச் சேருவது பெரும்பாடாக இருந்தது.

ஒருநாள் வேலை முடிந்து நாற்காலியைவிட்டு எழுந்தார். இடது முட்டி ஒரு சத்தம் போட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனோடு இருந்த எடிட்டர் பெண் தூக்கிவாரிப்போட்டு எழுந்தாள்.

"அண்ணே! என்ன உடைஞ்சுது?"

"ஒண்ணும் உடையலம்மா. முட்டி."

"எங்க, இன்னொரு தடவை எழுந்திருங்க."

அவள் அந்தச் சத்தத்தை எட்டு மடங்கு மெதுவாக்கினாள், கொஞ்சம் கனம் சேர்த்தாள். அந்த வாரத் திரையில் ஊமையாக நின்றுகொண்டிருந்த பனிமலை, உச்சி முதல் அடி வரை பிளந்து கடலில் சரிந்தது. அன்றிலிருந்து உலகத்துப் பனிமலைகள் அத்தனையும் அவருடைய இடது முட்டியில்தான் உடைந்தன. பனி ஆராய்ச்சியாளர் ஒருவர் பாராட்டிக் கடிதமே எழுதினார்: சத்தத்தை வைத்துப் பார்த்தால் இந்தப் பனிக்கு வயது அறுபதாயிரத்துக்குக் குறையாது என்று. சத்தக்காரருக்கு அப்போது அறுபது. ஆராய்ச்சி அவ்வளவு மோசமில்லை.

வந்தது வினை. அந்த எபிசோடை வீட்டில் பார்த்த மனைவி, கையிலிருந்த துணியை மடிக்காமல் அப்படியே வைத்தாள்.

"என்ன சத்தங்க அது! இதை ஒரே ஒரு தடவை நேர்ல கேக்கணும்."

முப்பத்தைந்து வருஷத்தில் அவள் கேட்ட முதல் ஊர் அதுதான். 'அதைத்தான் நீ தினமும் கேட்கிறாயே' என்று சொல்ல வாயைத் திறந்தார். அவள் முகத்தைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

முட்டியை எடுத்துவிட்டு உலோகம் வைத்தால்தான் இனி நடை என்று டாக்டர் மூன்று வருஷமாகச் சொல்லி வந்தார். இவர் மூன்று வருஷமாக அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. இப்போது மனைவி தினமும் ஆரம்பித்தாள்: "கப்பல் ஏணியில ஏற கால் வேணாமா?" கடைசியில் சரி என்றார்.

டைரக்டர் மூன்று மாடியும் மூச்சிரைக்க ஏறி ஓடிவந்தார்.

"அண்ணே, துருவத்துல இன்னும் ரெண்டு எபிசோடு பாக்கி இருக்கு. முட்டியை ரெண்டே ரெண்டு மாசம் தள்ளிப் போடுங்களேன்!"

"தம்பி, டாக்டர் எடுக்கிறதை ஒரு டப்பாவுல போட்டுத் தரச் சொல்றேன். நீயே வச்சு உடைச்சுக்கோ."

எடிட்டர் பெண் சமாதானம் செய்து வைத்தாள். ஆபரேஷனுக்கு முதல் நாள் அவர் நூற்று நாற்பது தடவை உட்கார்ந்து எழுந்தார். சின்ன விரிசல், பெரிய விரிசல், தூரத்து விரிசல் என்று பனியுகம் முழுவதையும் சேமித்துக் கொடுத்துவிட்டு மறுநாள் ஆஸ்பத்திரியில் படுத்தார். புது முட்டி வாயே திறக்கவில்லை.

ஆறு மாதம் கழித்துக் கப்பலில் நின்றார்கள். எதிரே பனிமலை, ஒரு ஊர் அகலத்துக்கு, சும்மா நின்றது. அவ்வப்போது ஒரு துண்டு விழுந்தது. பக்கத்து வீட்டில் யாரோ கதவைச் சாத்துவதுபோல் ஒரு சத்தம், அதுவும் தாமதமாக வந்தது. முதல் நாள் அவள் ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் நாளும் சொல்லவில்லை. கம்பளிக்குள் கழுத்தை இழுத்துக்கொண்டு கம்பியைப் பிடித்து நின்றாள், அவ்வளவுதான். இவ்வளவு தூரம் கூட்டி வந்து ஏமாற்றிவிட்டோமே என்று அவருக்கு ராத்திரியெல்லாம் தூக்கம் பிடிக்கவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவருக்கு வலது முட்டி ஞாபகம் வந்தது.

அதை யாரும் பதிவு செய்ததில்லை. டைரக்டருக்குத் தெரிந்திருந்தால் விட்டிருக்க மாட்டார். சத்தக்காரர் அவளுக்குப் பின்னால் போய், கம்பியைப் பிடித்து மெல்லக் குந்தினார். குந்துவதற்கே கண்ணில் பூச்சி பறந்தது. காத்திருந்தார். தூரத்தில் லாரி அளவு ஒரு பாளம் நழுவியது. பதினெட்டு வருஷ அனுபவம். நொடி பிசகாமல் எழுந்தார்.

'மடக்'.

அவள் திரும்பவில்லை.

"இது வலது முட்டி" என்றாள்.

அவர் கம்பியைப் பிடித்தபடி நின்றார்.

"இடதுன்னா இன்னும் கொஞ்சம் கனமா விழும்."

"உனக்கு எப்பத் தெரியும்?"

"டிவில கேட்ட அன்னிக்கே. தினம் காலையில என் காதுகிட்டதானே எழுந்திருக்கிறீங்க."

"அப்புறம் எதுக்கும்மா அதைக் கேக்கணும்னு ஒத்தக்கால்ல நின்ன?"

"கத்தின்னா தெரு மாறிப் போற ஆளு நீங்க. கப்பல்னு சொன்னப்புறம்தானே ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சீங்க."

இப்போதுதான் திரும்பினாள். தச்சர் கட்டிலைப் பார்ப்பதுபோல் அவர் வலது காலை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"ஊருக்குப் போனதும் இதையும் காட்டணும்."

"அதுக்கு எந்தக் கப்பல்?"

"எரிமலை பாக்கணும்னு ரொம்ப நாளா ஒரு ஆசை."

அவர் பக்கத்திலிருந்த நாற்காலியில் போய் விழுந்தார். போன வருஷம் எரிமலை எபிசோடில் கர்ஜித்தது, சாப்பாடு தாமதமான ஒரு மதியத்தில் அவருடைய வயிறு. அது அவளுக்குத் தெரியுமா தெரியாதா என்று கேட்க அவருக்குத் தெம்பில்லை. கண்ணை மூடிக்கொண்டார்.