பெட்டிக்கொரு பிள்ளையார்

எனக்குக் கோபம் வந்தால் யார் மேலாவது காட்டியாக வேண்டும். வீட்டில் என்றால் சாம்பாரில் உப்பு, ரயிலில் என்றால் காலை மிதித்தவன். கம்ப்யூட்டர் மேல் மட்டும் கோபத்தைக் காட்ட முடியாது என்பதை அறுபத்தெட்டாம் வருஷம் பிப்ரவரி கடைசியில் தெரிந்துகொண்டேன். திட்டினாலும் சிவப்பு விளக்கு எரியும். கெஞ்சினாலும் அதே சிவப்பு விளக்குதான்.

எங்களுடையது பல்லார்டு எஸ்டேட்டில் ஒரு கப்பல் கம்பெனி. துறைமுகக் கிடங்கில் எந்த மில்லின் துணி மூட்டை எத்தனை கிடக்கிறது என்று தினமும் பட்டியல் எடுக்க வேண்டும். சரக்கு உள்ளே வந்தால் அதற்கு ஓர் அட்டையில் துளை போட்டுப் பெட்டியின் முன்பக்கம் சேர்ப்பார்கள். கப்பலேறிவிட்டால் அந்த அட்டையை உருவி எடுத்துவிடுவார்கள். ஆறு நீளப் பெட்டிகள், பெட்டிக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் அட்டை. தினமும் ஆறையும் மிஷினுக்கு ஊட்டினால் பட்டியலைத் துப்பும். அந்தப் புரோகிராமை எழுதியவன் நான், மாட்டுங்கா அனந்தநாராயணன். ஊட்டுகிற வேலையும் என்னுடையதுதான்.

மெமரி என்று நாங்கள் சொன்னது, கடுகளவு இரும்பு வளையங்களைக் கம்பியில் கோத்த சில சட்டங்கள். அதை நான் முந்நூறு அறைகளாகப் பிரித்து வைத்திருந்தேன். அட்டையில் ஒரு மில்லின் எண் முதல்முறையாக வந்தால் அதற்கு ஓர் அறை திறக்கும். அதே எண் மறுபடி வந்தால் அதே அறையில் கூட்டிக்கொள்ளும். எங்களிடம் சரக்கு அனுப்பிய மில்கள் முப்பத்துநாலுதான். முந்நூறு அறை இருக்கிறது, என் பேரன் காலம் வரை காணும் என்று ஆபீஸ் முழுக்கப் பீற்றிக்கொண்டிருந்தேன். அப்போது எனக்குக் கல்யாணமே ஆகியிருக்கவில்லை.

ஒருநாள் ஆறாம் பெட்டி முடிகிற தறுவாயில் மிஷின் நின்றது. அறைகள் தீர்ந்துவிட்டன என்று ஒரு வரி அடித்துவிட்டுச் சிவப்பு விளக்கைப் போட்டது. அணைத்து, மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். சமர்த்தாக ஓடி, அதே இடத்தில் நின்றது. அடுத்த வாரம் ஆறாம் பெட்டியின் நடுவிலேயே நின்றது. பிறகு ஐந்தாம் பெட்டி. மார்ச் மூன்றாம் வாரம் நான்காம் பெட்டிக்கு வந்துவிட்டது. ஒரேயடியாகக் கெட்டுப் போயிருந்தால்கூடத் தேவலை. இது கொஞ்சம் கொஞ்சமாக, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கெட்டது. மீதிப் பெட்டிகளைக் குமாஸ்தாக்கள் கையால் எண்ணிப் பட்டியல் போட்டார்கள். போடும்போது என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

எங்கள் மேனேஜர் தாம்லே கத்தமாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜை மேல் வைப்பார், அவ்வளவுதான். அன்றைக்கும் வைத்துவிட்டு, டிசம்பர் வரை ஒழுங்காக ஓடியது, ஜனவரியிலிருந்து எது மாறியிருக்கிறது என்று கேட்டார். நான் விரல்விட்டுச் சொன்னேன். பிரிண்டர் ரிப்பன் புதுசு. மின்விசிறியை இடம் மாற்றினோம். துளை போடும் அறைக்கு ஒரு புதுப் பெண் வந்திருக்கிறாள்.

கடைசியாகச் சொன்னது அவர் காதில் நின்றுவிட்டது.

அந்தப் பெண் நூர் நிஷா. தாராவியிலிருந்து வருபவள், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். வாப்பா உதுமான் தோல் பை தைப்பவர். கண்ணில் புரை விழுந்து ஊசியில் நூல் கோக்க முடியாமல் ஒரு வருஷமாகத் தடுமாறிக்கொண்டிருந்தார். கீழே இரண்டு தங்கைகள். இவள் ஜனவரி இரண்டாம் தேதி சேர்ந்தாள். மூன்று மாதத் தவணை. மார்ச் முப்பது, சனிக்கிழமை, நிரந்தரக் கடிதம் வர வேண்டும். வந்தால் அந்த வீடு நிமிரும். இல்லாவிட்டால் பழைய குருடிதான். இது எனக்குத் தெரியும், தாம்லேக்கும் தெரியும்.

அவள் சேர்ந்த வாரம் இன்னொன்றும் நடந்தது. அட்டையை இழுக்கிற மிஷினின் வாய் ஒவ்வொரு பெட்டியிலும் முதல் அட்டையைக் கடித்துக் குதறியது. தினம் ஆறு அட்டை. ஆறையும் அவள் மறுபடி துளை போட வேண்டும். புதுப் பெண் வீணாக்குகிறாள் என்று மேற்பார்வைக்காரி அவளைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பாவமாக இருந்தது. துளை போடாத வெற்று அட்டை ஒன்றைப் பெட்டிக்கு ஒன்றாக முன்னால் வைத்தேன், கடித்தால் அதைக் கடிக்கட்டும் என்று. வெற்று அட்டை கண்ணுக்கு மூளியாக இருந்தது. கை தானாகப் பென்சிலை எடுத்து மூலையில் ஒரு பிள்ளையார் சுழி போட்டது. சலவைக் கணக்கு எழுதினால்கூட முதலில் சுழி போடுகிற கை அது. மிஷினுக்குத் துளை மட்டும்தான் தெரியும், பென்சில் தெரியாது. அதனால் பாதகமில்லை. வைத்த அன்றிலிருந்து அந்த வாய் ஓர் அட்டையையும் கடிக்கவில்லை. எனக்குப் பக்தி கூடிவிட்டது. தினமும் காலையில் புது அட்டைகளைச் சேர்த்ததும் பெட்டிக்கு ஒரு சுழி போட்டு முன்னால் வைத்துவிட்டுத்தான் விசையைத் தட்டுவேன்.

எது மாறியது என்று தாம்லே கேட்டபோது ரிப்பனைச் சொன்னேன், மின்விசிறியைச் சொன்னேன், ஒரு பெண்ணைச் சொன்னேன். இதைச் சொல்லவில்லை. மறைக்கவில்லை, சத்தியமாக நினைவுக்கே வரவில்லை. மாறியவற்றின் வரிசையில் பிள்ளையாரை யார் சேர்ப்பார்கள்?

சனிக்கிழமைக்குள் காரணத்தைக் கண்டுபிடி என்றார். முதலில் என் புரோகிராமை வரி வரியாக மூன்று தடவை படித்தேன். மிஷின் கம்பெனி இஞ்சினியர் வந்து ஒரு சட்டத்தைக் கழற்றிப் புதுசு மாட்டினார். நான்காம் பெட்டியில் நின்றது. மெமரி முழுவதையும் அப்படியே காகிதத்தில் அடித்துப் பார்த்தேன். முப்பத்துநாலு அறைகளில் மில்லின் எண் இருந்தது. மீதி இருநூற்று அறுபத்தாறும் வெள்ளையாக, காலியாக இருந்தன. இத்தனை இடத்தை வைத்துக்கொண்டு இடமில்லை என்கிறதே இந்தச் சனியன் என்று காகிதத்தைச் சுருட்டி எறிந்தேன்.

பிறகு அட்டைகளைச் சோதித்தேன். இரண்டு பெட்டி, நாலாயிரம் அட்டை, ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்து நூர் நிஷா போட்ட துளைகளைக் கிடங்கின் சீட்டோடு ஒத்துப் பார்த்தேன். ஒரு துளை தவறில்லை. நடுநடுவே சுழி போட்ட அட்டை கைக்கு வந்தபோதெல்லாம் கண்ணில் ஒற்றிக்கொண்டு, எடுத்த இடத்திலேயே செருகினேன். இதை எழுதும்போது என்னையே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

வெள்ளிக்கிழமை எனக்கு ஒரு யோசனை உதித்தது. அலமாரியில் டிசம்பர் மாத அட்டைகளின் நகல் ஆறு பெட்டி இருந்தது. அதை ஓட்டிப் பார்த்தால் குற்றம் மிஷினிலா அட்டையிலா என்று தெரிந்துவிடும் என்று நானே தாம்லேயிடம் போய்ச் சொன்னேன். அவரே வந்து பக்கத்தில் நின்றார். ஆறு பெட்டியும் தடங்கலில்லாமல் ஓடி முடிந்தது. உடனே இன்றைய பெட்டிகளைப் போடச் சொன்னார். நான்காம் பெட்டியில் சிவப்பு விளக்கு. தாம்லே கண்ணாடியைக் கழற்றினார். அவள் வருவதற்கு முந்தின அட்டை ஓடுகிறது, வந்த பிறகு உள்ள அட்டை ஓடவில்லை, இன்னும் என்ன வேண்டும் என்று கேட்டார். துளையில் தப்பே இல்லை என்றேன். உன் கண்ணுக்குத் தெரியாத தப்பு என்றார். சோதனை என்னுடையது, முடிவும் கண்ணெதிரே இருந்தது.

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு அவளிடம் கவரைக் கொடுத்தார்கள். அவள் அழவில்லை. கவரோடு நேரே மிஷின் அறைக்கு வந்தாள். அதுவரை என்னை சார் என்றுதான் கூப்பிடுவாள்.

"அண்ணே, என் அட்டையில எது தப்புன்னு ஒண்ணே ஒண்ணு காமிங்க. பாத்துட்டுப் போயிருதேன்."

நாலாயிரம் அட்டை பார்த்தவன் நான். ஒன்றுகூட என்னால் காட்ட முடியவில்லை. மேஜை மேலிருந்த பென்சிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுப் போய்விட்டாள்.

திங்கட்கிழமை காலை அவள் இடத்தில் சந்திரலேகா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். பெட்டிகள் வந்தன. வழக்கம்போல வெற்று அட்டை எடுத்துச் சுழி போட்டேன். வைக்கப் போகும்போது விரல் அட்டை மேல் ஓடியது. நாலாயிரம் அட்டையைத் தடவித் தடவிப் பழகிய விரல். இதில் தடுக்க ஒன்றுமில்லை, வழவழவென்று இருந்தது. துளையில்லாத அட்டை. மில்லின் எண் இல்லாத அட்டை.

எண் இல்லாத அட்டையைப் பார்த்தால் மிஷின் என்ன செய்யும்? நான் எழுதியபடி செய்யும். இந்த எண்ணுக்கு ஏற்கெனவே அறை இருக்கிறதா என்று தேடும். காலி அறையில் தேடாதே என்று நேரத்தை மிச்சப்படுத்த நான் சொல்லியிருந்தேன். அதனால் இருக்காது என்று முடிவு செய்து, புதிதாக ஓர் அறை திறந்து, அதில் ஒன்றுமில்லாத எண்ணை எழுதிக்கொள்ளும். ஒன்றுமில்லாத எண் எழுதிய அறையும் தேடும்போது அதற்குக் காலி அறைதான், அதனால் அடுத்த பிள்ளையாருக்கு அடுத்த அறை. காகிதத்தில் வெள்ளையாக இருந்த இருநூற்று அறுபத்தாறும் காலி இல்லை, எல்லாவற்றிலும் ஆள் இருந்தது. கப்பலேறிய சரக்கின் அட்டைகளை உருவி எடுத்தார்கள், பிள்ளையாரை யாரும் எடுக்கவில்லை. தினம் ஆறு பேர் வந்தார்கள், ஒருவர்கூடப் போகவில்லை.

ஆறு பெட்டியையும் கொட்டிப் பொறுக்கினேன். நானூற்று முப்பத்தெட்டு இருந்தன. எல்லாவற்றையும் என் தோல் பையில் போட்டுக்கொண்டு விசையைத் தட்டினேன். மிஷின் ஒரு முனகல் இல்லாமல் ஆறு பெட்டியையும் முடித்தது. சத்தம் கேட்டுத் தாம்லே வெளியே வந்தார். பார்த்தாயா, அந்தப் பெண் போனாள், மிஷின் ஓடுகிறது என்றார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பையைத் திறந்து காட்டினேன். அவர் ஓர் அட்டையை எடுத்துச் சுழியைப் பார்த்தார். அவரும் கணபதியை வீட்டில் பதினொரு நாள் வைத்துக் கும்பிடுகிறவர்தான். அட்டையைப் பத்திரமாகத் திருப்பி வைத்துவிட்டு, கல்கத்தா தலைமை ஆபீசுக்குக் காரணம் எழுதி அனுப்பியாகிவிட்டது, அவள் இடத்துக்கு ஆளும் போட்டாகிவிட்டது, இனி மிஷினைக் கடவுள் நிறுத்தினார் என்று இன்னொரு கடிதம் எழுதினால் உனக்கும் எனக்கும் சீட்டுக் கிழியும், அப்போதும் அவளுக்கு வேலை திரும்பி வராது என்றார். பரவாயில்லை, நான் எழுதித் தருகிறேன் என்றேன். எழுதியும் கொடுத்தேன். வாங்கிப் படித்து மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினார். அதற்கு மேல் கத்துவதற்கு எனக்குத் தைரியம் இருந்ததா என்று கேட்டால், இல்லை.

அன்று மாலை மாட்டுங்காவில் இறங்கி, வீட்டுப் பக்கம் போகாமல் தாராவிப் பக்கம் நடந்தேன். விசாரித்துப் போனபோது உதுமான் வாசலில் தோலை மூக்குக்கு நேரே பிடித்துத் தைத்துக்கொண்டிருந்தார். நூர் நிஷா பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு நூல் கோத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஆபீஸ்காரர் என்று தெரிந்ததும் பெரியவர் எழுந்து, தன் முக்காலியை எனக்குப் போட்டார். கடிதம் கொண்டு வந்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார். அந்த முக்காலியில் உட்கார எனக்கு வெட்கமாக இருந்தது.

தப்பு உன்னுடையதில்லை, என்னுடையது என்று அவளிடம் முழுவதையும் சொன்னேன். அவள் தலையைக் குனிந்து கேட்டாள். சொல்லி முடித்ததும் எனக்கு வழக்கமான கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அதைக் காட்ட அவள்தான் அகப்பட்டாள்.

"ஏம்மா, தெனம் நீதானே பெட்டியில அட்டைய எடுக்கறே. இத்தன வெத்து அட்ட சேர்றதேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கப்படாதா? தூக்கி எறிஞ்சிருக்கப்படாதா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அது உங்க சாமில்லா அண்ணே. கப்பலுக்குப் போன அட்டைய உருவும்போது கூடக் கூட வரும். குப்பையில எப்படிப் போட? ஒருநா நாலஞ்சு கீழ விழுந்துட்டு. தொடச்சு, மறுபடி உள்ளயே வச்சேன்."

பெரியவர் ஊசியை நிறுத்திவிட்டு, ஆமாம், அது சரிதானே என்பதுபோல் தலையை ஆட்டினார். பிறகு அவள், அந்த அட்டைகளெல்லாம் இப்போது எங்கே என்று கேட்டாள்.

என் மடியில் இருந்த பையில்தான் இருந்தன. ஆபீஸ் குப்பைக்கூடை பக்கம் இரண்டு தடவை போனேன், ரயில் கடற்கழியைத் தாண்டும்போது எறிந்துவிடலாமா என்று அந்த வழியாகப் போகிற வண்டியில் ஏறக்கூட நினைத்தேன். கை வரவில்லை. அவளை ஒரு கவரில் போட்டு அனுப்ப எங்களுக்கு ஒரு நிமிஷம் ஆகவில்லை. இந்த நானூற்று முப்பத்தெட்டு காகித அட்டையை எறியத்தான் யாருக்கும் மனம் வரவில்லை.

இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவள் சரி என்று சொல்லிவிட்டு, அடுத்த ஊசிக்கு நூலை நனைத்தாள்.