டாக்காவில் எண்பத்து நான்கு

மக்டலீன் ரீச்சருக்குப் புள்ளி என்றால் நூற்றுக்குத்தான். இருபத்தேழு வருசமாகக் குருநகரில் சின்னப் பிள்ளைகளின் கொப்பி திருத்துகிறவள். எழுபத்தைந்து எடுத்தால் ஏ, அறுபத்தைந்து எடுத்தால் பி, அதற்கும் கீழே போனால் தாயைக் கூட்டிக்கொண்டு வா. உலகத்தில் உள்ள எல்லாவற்றையும் அவள் இந்தக் கணக்கில்தான் பார்த்தாள். தம்பி எமில்ராஜின் கோல்ஃப் விளையாட்டையும் அப்படியே பார்த்ததில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

எமில்ராஜ் பதினாறு வயதில் கொழும்புக்குப் போய், ஒரு கோல்ஃப் மைதானத்தில் பெரிய மனிதர்களின் பை தூக்கினான். ஒருநாள் பைக்குள் இருந்த மட்டையை எடுத்துச் சும்மா அடித்துப் பார்த்தான். பந்து போன தூரத்தைப் பார்த்துப் பையின் சொந்தக்காரரே வாயைப் பிளந்தாராம். இருபத்துநாலு வயதில் தொழில்முறை ஆட்டக்காரன் ஆனான். பதினேழு வருசத்தில் ஏழு நாடுகள், இருநூற்றுப் பதினொரு போட்டிகள், மூன்று இரண்டாமிடம், ஒரேயொரு முதலிடம். பரம்பரையாகக் கடலில் தொழில் செய்யும் வீட்டில் பிறந்தவன், தண்ணீரைக் கண்டால் பந்து விழுந்துவிடுமோ என்று நடுங்குகிற தொழிலுக்குப் போனதைத் தகப்பன் கடைசிவரை நம்பவில்லை.

அவன் அதிகம் கதைக்க மாட்டான். ஆட்டம் முடிந்ததும் அக்காவுக்கு ரெலிபோன் எடுத்து, "இண்டைக்கு எழுபத்திரண்டு" என்பான். அவ்வளவுதான்.

"பரவாயில்லை தம்பி, இன்னும் மூண்டு எடுத்தால் ஏ" என்று மக்டலீன் தேற்றுவாள்.

எழுபத்தெட்டு என்றால் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்துவாள். சிட்டகொங்கில் கடைசி நாள் அறுபத்தாறு எடுத்து முதலாவதாக வந்ததாக அவன் சொன்னபோது, மற்றவர்கள் இன்னும் குறைய எடுத்திருக்கிறார்கள், பேப்பர் கஷ்டம் போல என்று நினைத்துக்கொண்டாள். எல்லாவற்றையும் திகதி போட்டு ஒரு கொப்பியில் எழுதியும் வந்தாள்.

இந்த வருசம் ஊரிலுள்ள வெண்சங்கு விளையாட்டுக் கழகத்துக்கு எமில்ராஜைப் பாராட்ட வேண்டும் என்ற எண்ணம் வந்தது. உதைபந்தாட்டக்காரர் இரண்டு பேர், ஒரு கோல் கூட அடிக்காதவனுக்கு என்ன பாராட்டு என்று முறுகினார்கள். செயலாளர் டினேஸ் அவர்களைச் சமாளித்து, பொன்னாடை, மாலை, 'கோல்ஃப் கோமகன்' என்ற பட்டம், பாராட்டு மடல் என்று எல்லாவற்றையும் ஒழுங்கு செய்தான். மடலுக்குச் சாதனைகளைக் கொடுத்தவள் மக்டலீன். கொப்பியைப் புரட்டி, கூடின புள்ளிகளாகப் பார்த்துப் பொறுக்கினாள். டாக்காவில் எண்பத்து நான்கு, கொல்கத்தாவில் எண்பத்தொன்று, பாங்கொக்கில் எண்பது.

ஞாயிற்றுக்கிழமை விழா. சனிக்கிழமை காலை பஸ்ஸில் வந்து இறங்கிய எமில்ராஜ், சாப்பிட்டுவிட்டு அறைக்குள் படுத்துவிட்டான். பின்னேரம் மூன்று மணியளவில் டினேஸ் மோட்டார்சைக்கிளை நிறுத்தவும் மறந்தவன் போல ஓடி வந்தான்.

"ரீச்சர், கொழும்பிலயிருந்து வாற பிரதம விருந்தினர் ரெலிபோன் எடுத்தவர். மடலை வட்ஸ்அப்பில அனுப்பினனான் எல்லே, அதைப் பாத்திட்டுத்தான். உந்த விளையாட்டில குறையக் குறையத்தானாம் திறம்."

"என்னெண்டு?"

"அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் ஒரு புள்ளியாம். பதினெட்டுக் குழியிலையும் பந்தை விழுத்த வேணும். எழுபத்திரண்டு அடியில முடிச்சால் சரி, அதுக்குக் குறைஞ்சால் கெட்டிக்காரன். எண்பத்துநாலு எண்டால் படுதோல்வி. நாங்கள் எமில் அண்ணை அடிவாங்கின நாளையெல்லாம் பொறுக்கி எடுத்துச் சாதனை எண்டு எழுதியிருக்கிறம் ரீச்சர்!"

மக்டலீன் கதிரையில் இருந்துவிட்டாள்.

"நாலு மணிக்குள்ள சரியானதைத் தந்தால் பிறஸ்காரன் திருப்பி அடிச்சுத் தருவானாம். அண்ணையை எழுப்பிக் கேளுங்கோ. நான் விறாந்தையில நிக்கிறன்."

நாளைக்கு மேடையில் தம்பியின் மானம் போகும் என்பது ஒரு பக்கம். அதற்குத் திருத்தம் உண்டு, பிறஸ்காரன் இருக்கிறான். போன பதினேழு வருசத்துக்கு என்ன திருத்தம்? அவன் தோற்றுப்போய் ரெலிபோன் எடுத்த ஒவ்வொரு முறையும் இவள் சந்தோசத்தில் துள்ளியிருக்கிறாள். நன்றாக ஆடிய நாட்களில் பரவாயில்லை, கவலைப்படாதே என்றிருக்கிறாள். கூடப்பிறந்தவளே நக்கலடிக்கிறாள் என்று அவன் அங்கே எத்தனை நாள் மனம் நொந்தானோ.

தேத்தண்ணியோடு போய் அவனை எழுப்பினாள். மடலைக் கையில் கொடுத்து, டினேஸ் சொன்னதை ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள். எமில்ராஜ் மடலை மேலிருந்து கீழ்வரை வாசித்தான். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நான் பிழையா விளங்கி வைச்சிருக்கிறன் எண்டு உனக்குத் தெரியுமோ?"

"ஓம். முதல் வருசமே தெரியும்."

"ஏன்ரா சொல்லேல்லை?"

"சொல்லத்தான் நினைச்சனான். நீங்கள் சந்தோசமா இருந்தியள், பிறகு சொல்லுவம் எண்டு விட்டிட்டன்." தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தான். "பிறகு டாக்கா வந்திட்டுது."

"டாக்காவில என்ன?"

"அண்டைக்கு என்ரை கை என்ரை சொல்லைக் கேக்கேல்லை அக்கா. எல்லாற்றை பேருக்கும் கீழை என்ரை பேர். பயிற்சி தாறவரும் கதைக்காமல் போயிட்டார். மட்டையை வித்துப்போட்டு வீட்டை வாறன், ஐயாவோடை கடலுக்குப் போறன் எண்டு சொல்லத்தான் உங்களுக்கு எடுத்தனான். எண்பத்துநாலு எண்டு சொல்லி வாய் மூடேல்லை, நீங்கள் சந்தோசத்திலை குளறின குளறிலை ரெலிபோனைக் காதிலை வைச்சிருக்க ஏலேல்லை. சரி, நாளைக்குச் சொல்லுவம் எண்டு நினைச்சன். அடுத்த நாள் எடுத்தால், பள்ளிக்கூடம் முழுக்கக் கேக் குடுத்தாச்சு எண்டியள்."

மக்டலீனுக்கு ஞாபகம் வந்தது. நானூறு துண்டு. அதிபருக்குத் தனியாகப் பெரிய துண்டு.

"கேக் குடுத்த பிறகு தோத்துப்போனன் எண்டு என்னெண்டு வாறது?" என்றான் எமில்ராஜ். "வர வெக்கமாக் கிடந்தது. அங்கயே நிண்டன். அடுத்த மாதந்தான் சிட்டகொங்."

அவன் மேசையில் கிடந்த அவளுடைய சிவப்புப் பேனையை எடுத்து, கொல்கத்தாவையும் பாங்கொக்கையும் வெட்டினான். சிட்டகொங் அறுபத்தாறு, முதலிடம் என்று மேலே எழுதினான். அதன் கீழே வேறு இரண்டு நல்ல ஆட்டங்களை எழுதினான். டாக்காவை வெட்டவில்லை.

"அதையும் வெட்டன் தம்பி. கொழும்பு விருந்தினர் சிரிப்பார்."

"சிரிக்கட்டும்" என்றான். டினேஸைக் கூப்பிட்டுத் தாளைக் கொடுத்துவிட்டு முகம் கழுவப் போனான்.

மறுநாள் பின்னேரம் மண்டபம் நிறைந்த சனம். டினேஸ் ஒலிவாங்கியில் மடலை வாசித்தான். சிட்டகொங்கில் அறுபத்தாறு என்றபோது சனம் மரியாதைக்குக் கை தட்டியது. அறுபத்தைந்துக்கும் அறுபத்தெட்டுக்கும் அதுவும் இல்லை. வந்த தேத்தண்ணியைச் சிலர் குடிக்கத் தொடங்கினார்கள். பிரதம விருந்தினர் மட்டும் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிக் கை தட்டினார்.

"டாக்காவில், எண்பத்து நான்கு!"

மண்டபம் அதிர்ந்தது. விசில் அடித்தார்கள். முறுகிய உதைபந்தாட்டக்காரர் இருவரும் எழும்பி நின்று கை தட்டினார்கள். விருந்தினர் தட்டக் கொண்டுபோன கையை மடியில் வைத்துவிட்டு எமில்ராஜைத் திரும்பிப் பார்த்தார். எமில்ராஜ் சனத்தைப் பார்த்துக் கும்பிட்டபடி நின்றான்.

மூன்றாம் வரிசையில் மக்டலீன் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். பக்கத்தில் இருந்த றொசாந்தி, அவளோடு ஒரே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறவள், பதறிப்போனாள்.

"என்ன ரீச்சர் நீங்கள், எண்பத்துநாலெல்லே எடுத்திருக்கிறான், இதுக்குப் போய் அழுறியளே?"

"ஓம் பிள்ளை" என்றாள் மக்டலீன். "எண்பத்துநாலு."