சின்ன கியர்பாக்ஸ்

திங்கட்கிழமை பழைய இரும்புக்காரர் வந்து லாரியை இழுத்துக்கொண்டு போகப்போகிறார் என்று அக்கா போனில் சொன்னபோது டிப்போக்காரருக்கு முதலில் நினைவுக்கு வந்தது அத்தானின் முகமல்ல, அந்த லாரியின் சின்ன கியர்பாக்ஸ்தான். அன்று முழுக்கத் தன்மேலேயே அவருக்கு எரிச்சலாக இருந்தது.

"லாரி நிக்கறதால உங்க அத்தானோட சக்கர நாற்காலி போக வழியில்லடா. உனக்கு வேணுங்கறத வந்து கழட்டிக்கோ," என்றாள் அக்கா.

டிப்போக்காரர் என்பது பஸ் டிப்போவில் முப்பது வருடம் மெக்கானிக்காக இருந்ததால் வந்த பெயர். அவரிடமும் அத்தானிடமும் ஒரே மாதிரி பழைய ராணுவ லாரி, ஒரே ஏலத்தில் எடுத்தவை. அவருடையதில் இன்ஜின் இருந்தது. முன்சக்கரங்களுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் சின்ன கியர்பாக்ஸ் இல்லை. அத்தானுடையதில் அது இருந்தது, இன்ஜின் இல்லை. ஒன்பது வருடமாக ஒருவரிடம் ஒருவர் கேட்டு, முடியாது என்று வாங்கிக் கட்டிக்கொண்டு, விசேஷ வீடுகளில் முகத்தைத் திருப்பிக்கொண்டதுதான் மிச்சம். எங்கெங்கோ எழுதிப்போட்டு அவர் வரவழைத்த ஒன்று, பெயின்ட்டைச் சுரண்டியதுமே பல்லிளித்தது. பழைய வரிசை எண்ணை அரத்தால் ராவிவிட்டுப் புதிதாகக் குத்தியிருந்தார்கள். இப்போது அசலே வாவென்று கூப்பிடுகிறது. ஆனால் கீழே குனியவே முட்டி கெஞ்சுகிறது.

அக்கா வீட்டு வாசலில் சாக்கை விரித்து, முனகிக்கொண்டே லாரிக்கு அடியில் நுழைந்தார். பக்கவாதம் வலது கையையும் பாதி நாக்கையும் கொண்டுபோயிருந்த அத்தான், நாற்காலியில் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். வந்ததிலிருந்து ஒரு வார்த்தை இல்லை.

முதலில் எண்ணெயை வடிக்க அடிமூடியைத் திறந்தார். கரியாக, கெட்டியாக வருமென்று நினைத்திருந்தார். தேன்போலத் தெளிந்து இறங்கியது.

"வருஷா வருஷம் மாத்துவாரு," என்றாள் எண்ணெய் பிடிக்கப் பாத்திரத்தை நகர்த்திக் கொடுத்த அக்கா. "ஓடாத வண்டிக்கு எதுக்குன்னு கேட்டா சண்டைக்கு வருவாரு."

டிப்போக்காரர் போல்ட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். மனம் எங்கோ இருந்தது. கடைசி இரண்டில் ஸ்பேனரை மாட்டியபோது படபடவென்று சத்தம். அத்தான் இடது கையால் லாரியின் தகரத்தை அறைந்துகொண்டிருந்தார்.

"ஜா... ஜாக்கி!"

டிப்போக்காரர் மேலே பார்த்தார். நெஞ்சுக்கு நேரே ஒரு ஆள் கனமுள்ள கியர்பாக்ஸ் தொங்கிக்கொண்டிருந்தது. அடியில் ஜாக்கி வைத்து முட்டுக் கொடுக்கவே இல்லை. எத்தனை பேரை இதற்காகத் திட்டியிருப்பார்! ஸ்பேனரைக் கீழே வைத்தார். பிறகு ஜாக்கியை வைத்து இறக்கினார்.

வெளியே இழுத்துப் போட்டுத் துடைத்ததும், அசல் எண் அழியாமல் இருந்தது. அவர் தரையில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ஓ...டுமா?" என்றார் அத்தான்.

தன் லாரி அடுத்த மாசம் ஓடும் என்று ஒன்பது வருடமாக எல்லோரிடமும் சொன்ன வாய் டிப்போக்காரருடையது. "தெரியல அத்தான். இனிமே என்னால முடியுமான்னே தெரியல."

அத்தானின் வாயில் பாதி சிரித்தது. பக்கத்தில் கொண்டுவரச் சொல்லிக் கையைக் காட்டினார். டிப்போக்காரர் மூச்சு வாங்க அதை நகர்த்தி நாற்காலியின் காலடியில் வைத்தார். அத்தான் குனிந்து, இடது கையால் அதன் ஒரு முனையைப் பிடித்து மெதுவாகத் திருப்பினார். உள்ளே பற்கள் சத்தமே இல்லாமல் ஒன்றையொன்று கவ்வி நகர்ந்தன. டிப்போக்காரரின் முட்டிக்குப் பக்கத்தில் மறுமுனை சுழன்றது.