வெளுத்துப்போன குங்குமம்

சணல் வயலில் கண்ணாடி விரியன் கடித்து, ஆஸ்பத்திரியில் விஷமுறிவு மருந்து ஏற்றி, பிழைத்து வீடு வந்த என் புருஷன் சுபல் முதலில் பார்த்தது என் வகிட்டைத்தான்.

“குங்குமம் ஏன் வெளுத்திருக்கு?”

“காலையிலதான் வச்சேன்.”

“நான் செத்துட்டேன்னு ஊருக்குள்ள பேச்சு வந்துச்சாமே. உடனே அழிச்சுட்டியா?”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்றிலிருந்து சோறு தின்னும்போதுகூட ஓரக்கண்ணால் என் வகிட்டையே பார்ப்பார். குளத்துக்குப் போய் வந்தால் யாரோடு பேசினாய் என்பார். எனக்கும் அவர்மேல் சந்தேகம்தான். ஆஸ்பத்திரியில் எவளையாவது பார்த்து மயங்கி, என்னைத் தள்ளிவைக்கச் சாக்குத் தேடுகிறாரோ?

ஒருநாள் பொறுக்க முடியாமல் குங்குமச் சிமிழையே தலையில் கவிழ்த்துக்கொண்டு எதிரே போய் நின்றேன். மூக்கு வரை வழிந்தது.

“இப்ப?”

உற்றுப் பார்த்தார். “மங்கின செங்கல் மாதிரி இருக்கு. கடைக்காரன் ஏமாத்திட்டான் உன்னை.”

வேலியோரச் செம்பருத்தியைப் பறித்து நீட்டினேன். “இதையும் கடைக்காரன்தான் செஞ்சானா?”

அவர் பூவைக் கண்ணருகே கொண்டுபோனார். அதுவும் வெளுப்பாம். என் கோபமெல்லாம் போய்ப் பயம் வந்தது.

கண் டாக்டரம்மா விளக்கடித்துப் பார்த்தார். “கண் நரம்பு வீங்கியிருக்கு. விஷத்தாலயும் வரலாம், முறிவு மருந்தாலயும் வரலாம். ரொம்ப அபூர்வம். மாத்திரையில சரியாகலைன்னா உடனே வாங்க, இங்கயே படுக்க வச்சு ஊசி போடணும். விட்டா பார்வையே போயிடும், அண்ணா.”

ஊசி என்றதும் அவர் முகம் போன போக்கைக் கவனித்துக்கொண்டேன்.

மாத்திரை முடிந்தது. எல்லாம் பளிச்சென்று தெரிகிறது என்றார். கேட்காமலே என் குங்குமத்தைப் புகழ்ந்தார். என்னைப் புகழ்கிற ஆளா அவர்?

மறுநாள் கதவைச் சாத்திக்கொண்டு வகிட்டை ஈரத்துணியால் துடைத்தேன். புருஷன் உயிரோடு இருக்கையில் எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணும் செய்யாத காரியம். கை வரவில்லை. அழுதுகொண்டே துடைத்தேன். சொட்டுச் சிவப்பில்லாமல் முற்றத்து வெயிலுக்கு வந்து அவர் முன்னால் தலையைக் குனிந்தேன்.

“எப்படி இருக்கு?”

“நல்ல சிவப்பா இருக்கு, பாருல். உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டேனே, எனக்குத்தான் புத்தி கெட்டுப்போச்சு.”

“சட்டையை மாட்டுங்க” என்றேன். “ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”